துப்பாக்கி பார்க்கப் போன வீடு

அக்டோபர் 5, சனி

டெக்சாஸ் வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கையில் கரூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. அவள் தூங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரிய பேரன் பிரணவ் கம்ப்யூட்டரில் மூன்று கம்பெனி மாறிவிட்டான், ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிது. மகள் வயிற்றுப் பேரன் கவின் கோயமுத்தூரில் எலும்பு டாக்டருக்குப் படிக்கிறான், முதல் தடவையிலேயே சீட்டு. அவன் தங்கை தர்ஷினி கேரம் விளையாட்டில் மாநில அளவில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவள் வயதைக் குறைத்துக் காட்டினாள் என்று பேச்சு. எல்லாருக்கும் மேலே என் மகன் வெள்ளியங்கிரியின் பெண் சம்யுக்தா. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, வெள்ளைக்காரர்களின் மாடுகளுக்கே வைத்தியம் பார்க்கிறாள். ஐந்தாவதோடு நின்ற இந்த நாச்சம்மாளின் வீட்டில் இத்தனையும்.

அந்த அம்மாள் "எனக்கும் ஒரு பேரன்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மகன் இருப்பது ஹூஸ்டனில். நான் வந்திருப்பது சம்யுக்தா தனியாக இருக்கும் சிற்றூருக்கு. காரியம் இருக்கிறது. என் பையில் திருப்பூர் நவநீதனின் போட்டோ இருக்கிறது. பனியன் கம்பெனி, ஒரே பையன், நான் பார்த்துப் பிடித்த இடம். தையில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுத் தீபாவளி கழித்துப் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஆவணியில் அவர்கள் வீடு பார்க்கப் போனபோது மேசை நிறையப் பலகாரம் வைத்தார்கள். ஒன்றையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும்தான். பேச்சு முடியாத வீட்டில் கை நனைப்பது எங்களுக்குள் கிடையாது. வீட்டுப் பெரியவர்கள் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது. விமான நிலையத்திலிருந்து வரும்போதே சம்யுக்தாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன்.

"இதெல்லாம் எனக்கெதுக்குங் ஆத்தா இப்ப?" என்றாள்.

"தெரிஞ்சு வெச்சுக்க அம்மிணி."

நன்றாகவே தெரிந்து வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஏசிக் குளிருக்கு மாவு புளிக்கவில்லை. சம்யுக்தா விடிவதற்குள் ஒரு மாட்டுக்குப் போய்விட்டாள். நவநீதன் போட்டோவைச் சாப்பாட்டு மேசைமேல் கண்ணில் படும்படி வைத்தேன். சாயங்காலம் பொழுதோட பார்த்தால் அதன்மேல் மாட்டு மருந்துப் புட்டி.

அக்டோபர் 12, சனி

"ஆத்தா, நானொரு துப்பாக்கி வாங்கோணும். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள் காலையில்.

என்னைக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கின ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அதனால் நான்தான் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோவேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பான். குடும்பத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேச எனக்குத்தான் பாத்தியதை.

சம்யுக்தாவுக்கு இரண்டு உபயோகத்துக்கு ஒரே துப்பாக்கி வேண்டுமாம். ஒன்று, இங்கத்திய ஒரு விளையாட்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி மாடு மேய்த்தவர்களைப் போல உடுத்திக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரித் துப்பாக்கியால் இரும்புத் தகடுகளைச் சுடுகிறார்கள். படித்து நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமையானால் மாடு மேய்ப்பவர்களாக வேஷம் போடுகிறார்கள். எங்கள் ஊரில் மாடு மேய்த்தவர்கள் பிள்ளைகளை உத்தியோகத்துக்கு அனுப்பினார்கள். இன்னொன்று, பன்றி வேட்டை. இங்கேயும் அதே பன்றிதான், அதே அட்டகாசம்தான்.

இரண்டுக்கும் லீவர் துப்பாக்கி என்பதுதான் தோதாம். விசையைச் சுற்றிக் கீழே ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. விரல்களை விட்டு முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால், சுட்ட கூடு வெளியே விழுந்து புதுத் தோட்டா உள்ளே ஏறும். அடிபம்பு அடிக்கிற மாதிரி.

கடையில் இருந்த தம்பி உயரம், வயது முப்பதுக்குள் இருக்கும். பெயர் டிராவிஸ். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "வாங்க ஆத்தா. நல்லா இருக்கீங்ளா?" என்றான். வாடிக்கையாளருக்காகத் தமிழே கற்றுக்கொள்கிறார்கள். வியாபாரம் என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

மூன்றை எடுத்து வைத்தான். முதலாவது அறுபத்தாறாம் மாடல், 1866இல் வந்ததைப் பார்த்துச் செய்தது. உடம்பு பித்தளை, கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. லீவர் எண்ணெய் போட்டதுபோல் ஓடுகிறது. இரண்டாவதின் பெயர் முப்பது முப்பது. மான், பன்றிக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் தோட்டா பெரிது. கைத்துப்பாக்கித் தோட்டா போடுகிற துப்பாக்கிதான் விளையாட்டில் செல்லும் என்பதால் அது தள்ளுபடி. மூன்றாவது தொண்ணூற்றிரண்டாம் மாடல். கறுப்பு இரும்பு, மரக்கட்டையில் ஒரு கீறல், லீவர் முரண்டு பிடிக்கிறது. பார்த்தால் ஒன்றுமில்லை.

"பித்தளை" என்றேன். ஹாலில் மாட்டினால் ஊரே வந்து பார்க்கும்.

டிராவிஸ் என்னவோ சொன்னான். சம்யுக்தா மொழிபெயர்த்தாள். "பாக்கறதுக்கு அதுதானாமுங் ஆத்தா. ஆனா பன்னிக்குப் போடற கனத்த தோட்டாவ அந்தப் பித்தளை தாங்காதாமா. இந்தத் தொண்ணூத்திரண்டு மெல்லிசுத் தோட்டாவயும் எடுத்துக்கும், கனத்ததயும் எடுத்துக்கும். வெளையாட்டுக்கு அது, பன்னிக்கு இது."

"லீவரு நகர மாட்டேங்குதே."

"பழகப் பழக வந்துருமாமா."

அவன் பேசியது அரை நிமிடம், இவள் சொன்னது ஒரு நிமிடம். பாதி இவளே சேர்த்தது போலிருக்கிறது.

காப்பியும் டோனட் என்கிற இனிப்பு வடையும் கொண்டுவந்து வைத்தான். வயிறு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டேன்.

"துப்பாக்கிதானுங்களே ஆத்தா பாக்கப் போனோம்?" என்றாள் சம்யுக்தா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"துப்பாக்கிதான்" என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வெள்ளியங்கிரி பேசினான். "ஏம்மா, அந்தத் திருப்பூர் விசயம் கேட்டீங்ளா?"

"துப்பாக்கி பாத்துட்டிருக்கறோம்."

"துப்பாக்கி எதுக்கு?"

"பன்னிக்கு."

அங்கே டிவியை அணைத்தது கேட்டது. பிறகு சொன்னான். "நானொண்ணும் குறுக்க வர்லீங்மா. அவகிட்ட கேக்கறது உங்க பொறுப்பு. நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். உங்க வார்த்தைதான்."

எந்த வீட்டில் இப்படி ஒரு மகன் இருக்கிறான்.

அக்டோபர் 19, சனி

போட்டி நடக்கிற இடத்துக்குப் போனோம். கடைத் தம்பி மூன்றில் இரண்டை, பித்தளையையும் தொண்ணூற்றிரண்டையும், சுட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்தான். இங்கே அந்தக் காலத்து உடுப்பு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சம்யுக்தா முழுப்பாவாடையும் பூட்சும் போட்டிருந்தாள். என் சுங்குடிச் சேலையைப் பார்த்து ஒரு தாடிக்காரர், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின உடுப்பு அப்படியே இருக்கிறதென்று தொப்பியைத் தூக்கி வணங்கினார். போன வருடம் கோபியில் ஆடித் தள்ளுபடியில் எடுத்தது. நானும் கும்பிட்டு வைத்தேன்.

ஒவ்வொருவரும் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், நிஜப் பெயரில் கூப்பிட மாட்டார்கள். டிராவிஸின் பெயர் துருப்பிடித்த ஆணி. சம்யுக்தாவுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அம்மிணி. நான் அவளைக் கூப்பிடும் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டார்கள், காதில் பஞ்சு.

பித்தளையில் சடசடவென்று சுட்டாள், எல்லாத் தகடும் மணி மாதிரி கணீரென்றது. தொண்ணூற்றிரண்டில் லீவர் பாதியில் சிக்கி நின்றது. நாலைந்து தகடு தப்பியது.

"நாஞ் சொன்னன்ல" என்றேன்.

டிராவிஸ் பித்தளையை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றே, முழங்கையை உயர்த்தச் சொன்னான். சுட்டு முடித்ததும் கீழே சிதறின கூடுகளைக் குனிந்து பொறுக்கினான். மற்றவர்கள் கூட்டை அவரவர்தான் பொறுக்குகிறார்கள். இவள் கூட்டை இவன் பொறுக்குகிறான். கடைக்காரன் அல்லவா.

அவன் அம்மா மார்லீன் என்னைவிடப் பத்து வயது இளையவள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பெரிய சட்டியில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். பிறகு கேக் கொண்டுவந்தாள், அதற்கும் வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும் போலிருந்தது. முள்கரண்டியால் சாப்பிட்டேன்.

காரில் வரும்போது சம்யுக்தா ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "கேக் சாப்டீங்களாட்டிருக்குது?"

"முள்ளுக்கரண்டில சாப்டேன். கை நனையல."

"ஓ. அப்பக் கணக்குல வராதுங்களா?"

"எந்தக் கணக்குல? துப்பாக்கி பாக்கப் போன எடத்துல என்ன கணக்கு?"

வீடு வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

நவநீதன் போட்டோவை மேசையிலிருந்து எடுத்து என் பையிலேயே வைத்துவிட்டேன். எண்ணெய் படுகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பட்டாசுக்கு இந்த ஊரில் அனுமதி கேட்க வேண்டுமாம். துப்பாக்கிக்கு வேண்டாமாம்.

திருப்பூரிலிருந்து நவநீதன் அம்மா விசாலாட்சி கூப்பிட்டாள். பலகாரமெல்லாம் விசாரித்துவிட்டு, "பொண்ணுகிட்டக் கேட்டுட்டீங்ளா?" என்றாள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுங்க. தப்பா நெனைக்கப்படாது. மாட்டுக்குள்ள கைய விடற வேலையெல்லாம் கண்ணாலத்துக்கப்பறம் நமக்கெதுக்குங்? கம்பெனில ஏசி ரூம் ஒண்ணு தனியாப் போட்டுத் தந்தர்றோம். பூச்செண்டாட்ட உக்காந்திருக்கட்டும்."

நியாயம்தான் என்றேன். ஏசி அறை யாருக்குக் கிடைக்கும்.

போனை வைத்துவிட்டு முறுக்குப் பிழிந்தேன். மாவு இளக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை அச்சின் பிடி என் கையோடு உடைந்து வந்துவிட்டது.

பொழுதோட டிராவிஸ் வந்தான். உடைந்த அச்சைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான். விளக்கேற்றுவதற்குள் பிடியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். காசு வாங்கவில்லை. இன்னும் ஒரு தோட்டாகூட இவனிடம் நாங்கள் வாங்கவில்லை. எப்படிக் கட்டுப்படியாகிறதோ.

மீதி மாவைப் பிழிந்து முடிக்கும்வரை கூடவே நின்று, சுடச்சுட எண்ணாமல் தின்றான். அவன் நம் வீட்டில் கை நனைத்தால் அது அவன் பாடு.

நவம்பர் 2, சனி

கனத்த தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மார்லீனின் பண்ணைக்குக் கூப்பிட்டான். இன்றைக்கு எப்படியும் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கிளம்பினேன். "எதங்க ஆத்தா?" என்றாள் சம்யுக்தா. காரில் ஏறு என்றேன்.

தொண்ணூற்றிரண்டாம் மாடலை என் கையில் கொடுத்தான். லீவரைத் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய். போன தடவை முரண்டு பிடித்த அதே துப்பாக்கி, அதே கீறல். என்ன செய்தான் என்று கேட்கச் சொன்னேன்.

பதில் மார்லீனிடமிருந்து வந்தது. இரண்டு வாரமாக வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் இதேதானாம். சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் மடியில் வைத்து லீவரைத் தள்ளுவதும் இழுப்பதும். சத்தம் தாங்காமல் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாளாம். விற்காத சரக்குக்கு இத்தனை பாடுபடுகிற கடைக்காரனை நான் பார்த்ததில்லை. அவன் கழுத்து சிவந்துவிட்டது.

ஓடைப் பக்கம் பன்றிகள் வந்திருந்தன. சம்யுக்தா மண்டி போட்டுக் கனத்த தோட்டாவை ஏற்றி ஒரே ஒரு தரம் சுட்டாள். பெரிய பன்றி அப்படியே சாய்ந்தது. மற்றவை ஓடிவிட்டன. பித்தளையாக இருந்தால் இந்நேரம் பன்றிக்குப் பதிலாக நாங்கள்தான் ஓடியிருப்போம்.

அப்போதுதான் மார்லீன் தொழுவத்திலிருந்து கூப்பிட்டாள். ஒரு கிடாரிக்குத் தலைச்சன் ஈற்று, கன்று குறுக்கே திரும்பிக்கொண்டது. சம்யுக்தா துப்பாக்கியை இறக்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினாள். விசாலாட்சி சொன்ன பூச்செண்டு தெரிந்தது எனக்கு. முழங்கை தாண்டி உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே பார்த்தாள். டிராவிஸ் கிடாரியின் தலையைப் பிடித்தான், கயிறு என்றால் கயிறு கொடுத்தான், இழு என்றால் இழுத்தான், நிறுத்து என்றால் நிறுத்தினான். அவள் சொல்வதற்கு மேல் ஒரு விரல் அசைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் உட்பட, பெண் சொல்லி இழுத்து, பெண் சொல்லி நிறுத்துகிற ஆம்பிளையை நான் பார்த்தது கிடையாது.

கன்று விழுந்தது. பெட்டைக் கன்று. மூச்சு வருவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் டிராவிஸ் ஒரு கூஜாவில் வெந்நீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினான். சோப்பு போட்டு, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், ரத்தமும் சளியும் போகிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே நின்றான். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரமாயிற்று. கனமாகவே தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவரைக்கொட்டை, சோள ரொட்டி, கோழி. மாட்டுக்கறி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதென்று டிராவிஸ் காலையிலேயே சொல்லிவிட்டானாம். என் தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டி வைத்திருந்தாள் மார்லீன். எடுத்தேன். இதுதான் கனமாக இருந்தது. கீழே வைத்துவிட்டு, "கை கழுவத் தண்ணி வேணும்" என்றேன்.

சம்யுக்தா மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணி என்ற சொல் டிராவிஸுக்கே தெரிந்திருக்கிறது, கூஜாவை எடுத்துவந்து ஊற்றினான். வலது கையை நன்றாக நனைத்துக் கழுவினேன். அவரையை ரொட்டியோடு பிசைந்தேன்.

"ஆத்தா" என்றாள் மெதுவாக. "தெரிஞ்சுதான் பண்றீங்ளா?"

"பசிக்குது கண்ணு."

எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. காரம் அதிகமா என்று மார்லீன் சைகையில் கேட்டாள். டிராவிஸ் தன் முள்கரண்டியைத் தள்ளி வைத்தான், கையைக் கழுவினான், எனக்கு எதிரே உட்கார்ந்து பிசைந்தான். சாறு முழங்கைக்கு ஓடுகிறது. சாப்பிடத் தெரியவில்லை.

பழகப் பழக வந்துவிடும்.

சம்யுக்தா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அப்ப எந்தத் துப்பாக்கிங் ஆத்தா?" என்றாள்.

"தொண்ணூத்திரண்டு" என்றேன். "அத இன்னிக்குத்தாங் கேக்கறயா?"

நவம்பர் 3, ஞாயிறு

வெள்ளியங்கிரியை நானே கூப்பிட்டேன்.

"கை நனைச்சாச்சு சாமி."

"திருப்பூர்லயா? நீங்க இங்கதான இருக்கறீங்க?"

"இங்கதான்."

"எந்த ஊட்டுலங்மா?"

"துப்பாக்கி பாத்த ஊட்டுல."

மருமகள் பக்கத்தில் "என்னங், என்னங்" என்பது கேட்டது.

"நாமளே மாத்திப் பேச முடியாதுங்களே" என்றான் கடைசியில்.

"முடியாது."

"வயிறு நெறையச் சாப்டீங்ளா?"

"ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்டேன்."

எந்த வீட்டில் இப்படி ஒரு மகன் இருக்கிறான்.

நவம்பர் 30, சனி

ஊருக்கு வந்து நாலு நாளாயிற்று. நேற்று விசாலாட்சிக்குப் பதில் சொல்லப் போனேன். வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனேன். உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "பொண்ணு என்ன சொல்லுதுங்?"

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "துப்பாக்கி வாங்கிருக்குதுங்க" என்றேன்.

"துப்பாக்கிங்ளா? நெசத் துப்பாக்கியா?"

"ஆமாங். ஒரே குண்டுல பன்னியச் சாச்சிருச்சுங்க."

விசாலாட்சி உள்ளே போனாள். அவள் வீட்டுக்காரர் வந்தார். ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ இடிக்கிறதென்றார், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமென்றார். எனக்கு வருத்தம்தான் என்றேன். தண்ணீர் குடித்தேன். நவநீதன் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நல்ல பையன், ஏசி அறைக்குத் தோதாக யாராவது கிடைப்பாள்.

இன்றைக்குச் சம்யுக்தாவிடம் போனில் சொல்ல நினைத்து மறந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த தடவை படித்துக்காட்ட வேண்டும். ஹாலில் பிரணவ், கவின், கோப்பையோடு தர்ஷினி எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். உன்னுடையது மட்டும் பட்டம் வாங்கின பழைய போட்டோ, அதில் தனியாக நிற்கிறாய். புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. துப்பாக்கி வேண்டாம், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லி மாளாது. அந்தத் தம்பியைத் தொப்பியைக் கழற்றச் சொல், முகம் தெரிய வேண்டும். சட்டம் ஒருத்தருக்கு அளவெடுத்தது, இரண்டு பேரும் கொஞ்சம் நெருங்கித்தான் நிற்க வேண்டியிருக்கும். போனில் அனுப்பினால் சுவரில் மாட்ட முடியாது. தபாலில் போடு.